சக்களத்தி பிடுங்கிய ஃபியூஸ்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. மிஹாரு என் பக்கத்து வீட்டுக்காரி. சண்டைக்காரிதான், ஆனால் கதை கட்டத் தெரியாதவள்.

அவள் கணவன் நோபுஹிரோவிடம் ரோட்டரி என்ஜின் வைத்த பழைய சிவப்புக் கார் ஒன்று உண்டு. மிஹாரு அதைச் 'சக்களத்தி' என்றுதான் சொல்வாள். முதலில் அது அவனுடைய பழைய காதலி சயோகோவின் கார். அவள் கல்யாணமாகி வடக்கே ஹொக்கைடோ தீவுக்குப் போகும்போது தன்னிடம் கொடுத்துவிட்டாள் என்று அவன் சொல்லியிருந்தான். ஞாயிறு தவறாமல் அதை எடுத்துக்கொண்டு தனியாக உசுமி கணவாய்க்குப் போவான். மனைவியை ஒப்புக்குக்கூடக் கூப்பிடமாட்டான்.

நவம்பரில் ஒரு ஞாயிறு அவனுக்குக் காய்ச்சல். தூங்கிக்கொண்டிருந்தான். மிஹாரு சாவியை எடுத்தாள்.

"அங்க எவ காத்திருக்கான்னு இன்னைக்குப் பாத்துடுறேன்."

கணவாயில் ஒரே ஒரு நூடுல்ஸ் கடை. ஜன்னலோரம் உட்கார்ந்து, வருகிற போகிற பெண்களையெல்லாம் முறைத்தாள். ஒருத்தியும் சிக்கவில்லை. மதியம் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கியது. பஸ்ஸுக்கு வழி விடும்படி கடையில் சொன்னார்கள். காரைக் கிளப்பி, நாலடி நகர்த்தி, அணைத்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டாள்.

அங்கேதான் தப்பு. குளிர்ந்து கிடந்த ரோட்டரி என்ஜினைக் கிளப்பினால் சூடேறும்வரை அணைக்கக் கூடாது. அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கி, ஸ்பார்க் பிளக் நனைந்துவிடும், வண்டி கிளம்பாது. நோபுஹிரோவுக்கு இது வேதம். மனைவிக்குத்தான் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

திரும்பி வந்து சாவியைத் திருப்பினாள். ர்ர்ர்ர்... ர்ர்ர்... அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். பெட்ரோல் நாற்றம் குப்பென்று அடித்தது. பஸ் போயிருந்தது. அதற்குள் கடையையும் மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

டக்... டக்...

கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண்.

"பிளக் நனைஞ்சுடுச்சா?"

மெல்லிய வெள்ளைச் சட்டை. கையில் பை இல்லை. நிறுத்துமிடத்தில் வேறு வண்டியும் இல்லை. மிஹாருவின் மூச்சு புகையாக வெளியே வந்தது. அந்தப் பெண்ணின் வாயிலிருந்து புகையே வரவில்லை.

அந்தப் பெண் கேட்காமலே காரின் முன்மூடியைத் திறந்து, பார்க்காமலே ஒரு சின்ன ஃபியூஸைப் பிடுங்கினாள்.

"பெட்ரோல் பம்ப்போட ஃபியூஸ். இனிமே பெட்ரோல் வராது. பெடலை முழுக்க மிதிச்சுக்கிட்டே சாவியைத் திருப்புங்க. தேங்கினது வெளிய போனதும் இதைத் திரும்பப் போட்டுடலாம்."

மிஹாரு மிதித்தாள். ர்ர்ர்ர்...

"இன்னைக்கு நோபு-சான் வரலையா?"

தன் கணவனை அவள் செல்லப் பெயரில் கூப்பிட்டது மிஹாருவுக்குச் சுருக்கென்றது.

"நீங்க... சயோகோதானே?"

"ஆமா."

"ஹொக்கைடோவுல இல்ல இருக்கணும் நீங்க?"

"இல்லையே. இங்கயேதான் இருக்கேன்."

"வாராவாரம் அவரைப் பார்க்கவா?"

"அவர் வருவார். ஆனா நிறுத்தவே மாட்டேங்கிறார்... ஏன்?"

ர்ர்ர்... பட்! பட்!

வெள்ளைப் புகை. என்ஜின் பிடித்துக்கொண்டது.

சயோகோ கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஃபியூஸ்.

மிஹாரு அதைப் பார்க்கக்கூட இல்லை. கோபத்தில் கியரைப் போட்டாள். ஒரே பாய்ச்சல். மலையிறங்கி வீடு வரும்வரை எங்குமே நிறுத்தவில்லை.

"உன் சயோகோவைப் பார்த்துட்டுதான் வரேன்! ஹொக்கைடோவாம், ஹொக்கைடோ!"

படுக்கையில் இருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அவ செத்துட்டா, மிஹாரு."

அதே இடத்தில். பிளக் நனைந்து வண்டி கிளம்பாமல், "வந்து கூட்டிட்டுப் போ" என்று அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். "அங்கயே இரு, இதோ வரேன்" என்றிருக்கிறான். போகவில்லை. அன்றைக்குத்தான் மிஹாருவை முதன்முதலாக வெளியே சாப்பிடக் கூட்டிப்போனான். பனிமூட்டத்தில் சாலையோரம் அவன் வழி பார்த்து நின்றவள்மேல் லாரி ஏறிவிட்டது.

அவன் மிஹாருவின் கையைப் பிடித்தான். பயந்துவிட்டாயா என்று கேட்பான் என நினைத்தாள்.

"என்னைப் பத்திக் கேட்டாளா?"

அவன் முகம் மலர்ந்திருந்தது.

"இல்ல," என்றாள் மிஹாரு. "ஒரு வார்த்தைகூடக் கேக்கல."

மறுநாள் கார் கிளம்பவில்லை. மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். ஃபியூஸ் இருந்த இடம் காலி.

"இது இல்லாம தொட்டியிலேர்ந்து ஒரு சொட்டுகூட வராது. கொஞ்ச தூரத்துலயே நின்னுருக்கணும். மலையிலேர்ந்து எப்படிம்மா ஓட்டிட்டு வந்தீங்க?"

புது ஃபியூஸ் போட்டுக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு நோபுஹிரோ காரை எடுத்துக்கொண்டு போனான். எத்தனையோ வருஷமாக அந்த என்ஜினின் பிளக்கை ஒரு தடவைகூட நனையவிடாதவன். இருட்டும் நேரத்தில் போன் வந்தது.

"பிளக் நனைஞ்சுடுச்சு, மிஹாரு. வர லேட்டாகும்."

கல்யாணத்தன்றுகூட அவன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் கேட்டதில்லை. போனை வைக்கப் போனாள். அவனுக்குப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு குரல்...

"பெடலை மிதிக்காதீங்க, நோபு-சான். கிளம்பிடப் போகுது."