அம்மாவின் கையைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

மாமா, அம்மாவின் இடது கையைக் கெடுத்தது நீங்கள்தான். நினைவு மலரில் இப்படி எழுதலாமா என்று உறவினர்கள் கேட்பார்கள். எழுதத்தான் வேண்டும்.

அம்மா திருவொற்றியூர் குப்பத்தில் பிறந்தார். மணமாகிக் காசிமேட்டுக்கு வந்தார். அப்பா இறந்தபின் தண்டையார்பேட்டையில் மீன் விற்று என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். ஒருநாள் ஏலக் கூடத்தில் ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். மேல்கை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். அரிக்கிறது என்று அம்மா சொன்னதும், கூடப்பிறந்த தம்பியான நீங்கள் அதை வெட்டி எடுத்துவிட்டு எண்ணெய்க் கட்டு போட வைத்தீர்கள். எலும்பு சேரவில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கை மடங்கத் தொடங்கியது. டாக்டர் அதைப் பொய் மூட்டு என்றார். ஆபரேஷன் செய்து தகடு வைத்தால் சேரும் என்றார். "கத்தி வெச்சா கையே பூடும்" என்று தடுத்ததும் நீங்கள்தான்.

அந்தக் கையைத் துணியால் உடம்போடு கட்டிக்கொண்டு அம்மா மீன் விற்றார்.

"இன்னாம்மா, உனக்கு மட்டும் ஒரே கைல ரெண்டு முழங்கையா?" என்று வாங்க வந்தவர்கள் கேட்பார்கள்.

"ஆமா நைனா, ஒண்ணு பேரம் பேசறவன இடிக்க" என்பார்.

சந்தையே சிரிக்கும். வீட்டில் அவருக்குத் தலை வாரவும் ரவிக்கை மாட்டவும் நான் வேண்டும். அது உங்களுக்குத் தெரியாது.

அம்மா இருக்கும்போதே விசைப்படகில் விழுந்து உடைந்த உங்கள் மகனின் காலும் இன்னும் சேரவில்லை. முழங்காலுக்குக் கீழே அதே பொய் மூட்டு. "எங்கக்கா அந்தக் கைய வெச்சிகினு வாழ்லியா?" என்கிறீர்கள். சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்த அம்மா, பார்க்க வந்த அவனிடம் சொன்னார்: "டேய், உங்கப்பன் பேச்சக் கேட்டுக் குந்திகினு கீறியா? நான் சிரிச்சா வலிக்கலன்னு அர்த்தமா? போய் ஆபரேசன் பண்ணிக்கோ." நீங்களும் அங்கேதான் நின்றீர்கள்.

கால் சேரும், மறுபடி படகு ஏறலாம் என்று டாக்டர் சொல்கிறார். அவன் தயார். அவன் மனைவியும் தயார். அப்பா தலையாட்டாமல் போகமாட்டேன் என்கிறான்.

அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன ஆட்டோ அண்ணனுக்கும், அம்மாவின் மீன்கடையை முறை வைத்துப் பார்த்துக்கொண்ட சந்தைப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. உங்கள் மகனுக்கும் ஆஸ்பத்திரியில் துணை இருப்போம் என்று அவர்களே முன்வந்திருக்கிறார்கள்.

மாமா, முதலாண்டுப் படையலுக்கு வந்த எல்லோர் கையிலும் இந்த மலர் இருக்கிறது. சாப்பிட உட்காருமுன் எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள். அவனை என்றைக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கிறீர்கள்?