ஃபீல்டுக்கு வெளியே ஒரு கட்டில்

வாஜித் தன் வாழ்நாளில் எத்தனையோ படுக்கையறைகள் செய்திருக்கிறான். ஜமீன்தார் படுக்கையறை, முதலிரவு அறை, வில்லனின் வட்டக் கட்டில் அறை, ஏழைத் தாய் இருமிக்கொண்டே சாகிற அறை. எதிலும் அவன் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. படுத்திருந்தால் கட்டில் உடைந்திருக்கும். கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு செட் போடும் மேஸ்திரி அவன். அவன் கட்டில்கள் கதாநாயகி விளிம்பில் உட்கார்ந்து அழுகிற அளவுக்குத்தான் தாங்கும். புரண்டு அழ வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிறந்ததும் அதே கோடம்பாக்கத்தில்தான், ஒரு ஸ்டுடியோவின் மதிலை ஒட்டிய சந்தில். ஸ்டுடியோவை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். சந்தை மட்டும் யாரும் விலைக்குக் கேட்காததால் அது சந்தாகவே இருக்கிறது. ஒரே அறை வீடு. காலையில் அது ஹால், மத்தியானம் டைனிங், பாயை விரித்தால் பெட்ரூம். எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்தால்தான் இடம் போதும். ஒருவர் புரண்டால் மொத்தக் குடும்பமும் புரள வேண்டும். தனி அறை என்கிற சங்கதியை வாஜித் முதன்முதலில் பார்த்தது செட்டில்தான், அதற்கும் ஒரு பக்கம் சுவர் கிடையாது.

செட் ஆட்களிடம் ஒரு சொல் உண்டு: ஃபீல்டு. கேமராவின் கண்ணில் விழுகிற இடமெல்லாம் ஃபீல்டு. விழாதது ஃபீல்டு அவுட். உள்ளே இருப்பது தேக்கு மாதிரி மின்ன வேண்டும், வெளியே இருப்பது சாக்கு போட்டு மூடிக் கிடந்தாலும் போதும். வாஜித் கட்டிய நீதிமன்றத்தில் நீதிபதியின் முதுகுக்குப் பின்னால் டீ கேன் இருக்கும். அவன் கட்டிய ஜெயிலில் கம்பியை வளைத்துத் தப்பிக்க வேண்டிய அவசியமே இல்லை, அப்படியே பின்பக்கமாக நடந்து போய் பஸ் பிடிக்கலாம். இந்தத் தொழில் தர்மத்தை அவன் வேலை செய்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் தொல்லை இல்லை. வீட்டுக்கும் கொண்டுவந்தான். ரம்ஜானுக்கு வெள்ளையடிக்கும்போது பீரோவுக்குப் பின்னால் பிரஷ் போகாது. கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையில் முன்பக்கம் மட்டும் இஸ்திரி விழும். "பின்னாடி யாரு பாக்கப் போறாங்க?" என்பான். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், மரியாதைக்காகச் சொல்லவில்லை.

மனைவி ஆஃப்ரீன் ராயப்பேட்டைப் பெண். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவள். வீட்டுக்கு வந்து கணவனிடமும் அதையேதான் கேட்டாள். அவனுக்கு எல்லாமே நன்றாகத் தெரிவதாகத்தான் பதில் வரும்.

இவர்களுக்கு ஒரே பெண், ஜுவேரியா. அவள் நடந்தது, பேசியது, முதல் பல் விழுந்தது எல்லாமே வாஜித்துக்குப் போனில் வந்த செய்திகள். ஏதாவது ஒரு ராஜா படத்துக்காக ஹைதராபாத்திலேயே கிடப்பான். ஒருநாள் வீடியோ காலில் அவன் முதுகுக்குப் பின்னால் அரண்மனை முகப்பு தெரிந்தது.

"அது உங்க வீடாப்பா? நான் அங்க வந்து தூங்கவா?" என்று கேட்டது குழந்தை.

"இது வேணாம்டா. உனக்குன்னே தனியா ஒண்ணு கட்டித் தர்றேன்" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். வைத்த பிறகு அழுதான். அரண்மனையின் பின்பக்கம் போய், சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெற்ற பிள்ளைக்குத் தான் போனில் வருகிற ஓர் ஆள், அவ்வளவுதான் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. அடுத்த வாரம் அந்த அரண்மனையைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள்.

கொடுத்த வாக்குக்காகத்தான் ஆதம்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். இரண்டாவது பெட்ரூமைப் புரோக்கர் 'கிட்ஸ் ரூம்' என்று அறிமுகப்படுத்தினார். சென்னையில் பெரியவர்கள் கால் நீட்ட முடியாத அறைக்கு அதுதான் பெயர். அப்படி ஓர் அறை இருக்கிற வீடுகளில் நடப்பதும் ஊருக்கே தெரியும். சுவரில் கார்ட்டூன் ஒட்டி, படமெடுத்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டு, குழந்தையை ஏசி இருக்கிற அறையில் நடுவில் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். கிட்ஸ் ரூமில் சூட்கேஸ்கள் தூங்கும். தன் வீட்டில் அந்தக் கூத்து நடக்காது என்று வாஜித் சபதம் போட்டான். ஜுவேரியா தன் அறையில், தன் கட்டிலில் தூங்கியாக வேண்டும். அவள் அங்கே நிம்மதியாகக் கண்ணை மூடினால்தான் தானும் ஒரு தகப்பன் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டான்.

என்ன மாதிரி அறை வேண்டும் என்று கேட்டதற்கு ஜுவேரியா யோசிக்கவே இல்லை. "அந்த அரண்மனை" என்றாள்.

அரண்மனைதானே, இதைவிட சுளுவான வேலை உண்டா? குடோனில் பிரித்துப் போட்ட பிளைவுட் கிடந்தது. பெயின்ட் அடிக்கக் கூட்டாளி முனியன் வந்தான். கட்டிலை மட்டும் தி.நகரில் கடையில் வாங்கினார்கள். "நீங்க செஞ்ச கட்டில்ல என் பொண்ணு படுக்கமாட்டா" என்று ஆஃப்ரீன் கறாராகச் சொல்லிவிட்டாள். கல்யாணமான புதிதில் அவன் செய்த கட்டிலில் அவளே ஒருமுறை படுத்துப் பார்த்தவள்.

கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டு, அதற்கு முன்னால், கதவைப் பார்த்தாற்போல, அறையின் அகலத்துக்கு அரண்மனை முகப்பை நிறுத்தினான். நடுவில் வளைவு வாசல், அதற்குள் நுழைந்தால் கட்டில். இரண்டு பக்கமும் மினார், மாடம், பளிங்கு மாதிரி பெயின்ட். பக்கத்துச் சுவரில் புத்தக அலமாரி. புத்தகங்களின் முதுகு மட்டும் தெர்மாகோலில் வெட்டி, தங்க நிறத்தில் கோடு போட்டு ஒட்டியிருந்தான். ஜுவேரியா ஆசையாக ஒன்றை உருவினாள், வரிசையே கையோடு வந்துவிட்டது. "அது சும்மா லுக்குக்குடா" என்று திரும்ப ஒட்டினான்.

வேலை முடிந்ததும் முனியன் கதவருகே நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"இன்னா பாய், நெஜ அரமன கணக்கா கீதே! ராஜா வூட்டுப் பொண்ணு தோத்துது போ."

"ஃபீல்டு எப்டிகீது?"

"மூலைக்கு மூல ஃபுல்லு, நைனா."

அடுத்த நாளே வாஜித்தின் அக்கா, அவன் 'ஆபா' என்று கூப்பிடுகிற ஜமீலுன்னிசா, ராயப்பேட்டையிலிருந்து ஒரு ஆட்டோ நிறையச் சொந்தங்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஊரில் எந்தக் குழந்தைக்குக் காது குத்தினாலும் முதல் ஆளாக நின்று குறை கண்டுபிடிக்கிற ஆபா, வாசலில் நின்று வாயடைத்துப் போனாள். "மாஷா அல்லாஹ்!" என்று கன்னத்தில் கை வைத்தாள். எல்லோரும் கதவு நிலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்று வீடியோ எடுத்தார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. போகவும் இடமில்லை. வந்திருந்த குழந்தைகள் எங்களுக்கும் வேண்டும் என்று அழ ஆரம்பித்தன, பெற்றவர்கள் வாஜித்தை முறைத்தார்கள். வாஜித்துக்குப் பிறவிப் பயனே கிடைத்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு ஜுவேரியாவை அந்தக் கட்டிலில் படுக்க வைத்து, நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு வந்தான். சாப்பிட்டுக் கை கழுவித் திரும்பினால், பிள்ளை தலையணையை எடுத்துக்கொண்டு வந்து கதவு நிலையில் குறுக்காகப் படுத்திருந்தாள். பாதி உடம்பு ஹாலில், பாதி அறையில், முகம் அரண்மனையைப் பார்த்தபடி. தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டான். திரும்பவும் வந்து நிலையில் படுத்தாள். மறுநாளும் அதே கதை. அந்த வாரம் முழுக்க அதே கதை. அவளைத் தாண்டித் தாண்டித்தான் பாத்ரூமுக்குப் போனார்கள்.

"பயமா இருக்காடா?"

"இல்லப்பா."

"ரூமு பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு."

பிள்ளை பொய் சொல்கிறது என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். அதற்கப்புறம் அவளிடம் கேட்கிற வேலையையே விட்டுவிட்டு, தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டார்கள்.

நஜர் பட்டிருக்கிறது என்றாள் ஜமீலுன்னிசா. தன் கண்தான் பட்டிருக்கும் என்று கொஞ்சம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டாள். மிளகாய் சுற்றிப் போட்டாள், ஓதி ஊதிய தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள், தெர்மாகோல் புத்தகங்களில் நான்கு நனைந்து விழுந்தன. ஆஃப்ரீன் பாவம், அடையாறில் குழந்தைகளுக்கு ஆலோசனை சொல்கிற ஒரு மேடத்திடம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மேஜை நிறைய அழகான பொம்மைகள், பக்கத்திலேயே 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டை. மேடம் எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, குழந்தை கதவு நிலையில் படுப்பதால் இது 'பவுண்டரி இஷ்யூ' என்றார். நிலையில் படுக்கிற குழந்தைக்கு வேறு என்ன இஷ்யூ வரும்?

வாஜித் தன் வழியில் வைத்தியம் பார்த்தான். அறை இன்னும் அழகாக இல்லை, அதனால்தான் பிள்ளை உள்ளே தங்கவில்லை என்று கண்டுபிடித்தான். மினார்களுக்கு சீரியல் லைட் கட்டினான். மேலே பஞ்சு மேகம் தொங்கவிட்டான். மேகத்துக்கு நடுவில் நிலா வைத்து, உள்ளே பல்பு போட்டான். ஒவ்வொன்றையும் கதவருகே போய் நின்று, ஒரு கண்ணை மூடிச் சரிபார்த்தான். அறை அழகாக ஆக ஆக ஜுவேரியா நிலையை விட்டு நகர்வதே குறைந்துபோனது. முன்பெல்லாம் தூங்குவதற்குத்தான் அங்கே படுப்பாள், நிலா வந்த பிறகு வீட்டுப்பாடமும் அங்கேயே ஆகிவிட்டது.

"நம்ம கூடப் படுக்கட்டுங்க, குழந்தைதானே. எதுக்கு இந்த வீம்பு?" என்றாள் ஆஃப்ரீன். அந்த அறை தோற்றால் தன் பிள்ளைக்குத் தான் மறுபடியும் போனில் வருகிற ஆளாகிவிடுவோம் என்று அவனுக்குப் பயமாக இருந்தது. அதை எந்த மனைவியிடம் சொல்ல முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிலா எரியவில்லை. ஒயர் எங்கோ விட்டுப்போயிருந்தது. டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டு வளைவு வாசலுக்குள் குனிந்து போனான். நிலாவின் பின்பக்கம் கண்ணில் பட வேண்டுமென்றால் கட்டிலில் மல்லாந்து படுத்தால்தான் முடியும். படுத்தான். ஜுவேரியாவைத் தவிர அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்தது அதுதான் முதல் தடவை.

"அங்க படுக்காதீங்கப்பா" என்றாள் நிலையில் உட்கார்ந்திருந்த ஜுவேரியா. "அங்கேர்ந்து ஒண்ணுமே தெரியாது."

வாஜித் டெஸ்டரை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தான். அரண்மனை இல்லை. குறுக்கும் நெடுக்கும் அடித்த ரீப்பர் கட்டை, அதில் மடித்துவிட்ட ஆணிகள், வழிந்து காய்ந்த ஃபெவிகால். நிலாவின் முதுகில் அதைத் தாங்கிப் பிடித்த ஒரு பால்பாயின்ட் பேனா மூடியும் செல்லோ டேப்பும். மேகத்தைத் தொங்கவிட்ட கொடிக்கயிறு. நட்டநடுவில், பிளைவுட்டில், எந்த செட்டுக்கு எந்தப் பலகை என்று தெரிவதற்காக முனியன் எப்போதோ கறுப்பு பெயின்டில் எழுதிய கொட்டை எழுத்து.

"நான் படிச்சேன்பா" என்றாள் ஜுவேரியா. பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறார்கள். "சி, றை. சிறை. அப்புறம் இடது. சிறைன்னா ஜெயில்னு மிஸ் சொன்னாங்க." பிறகு அப்பாவை வருத்தப்பட வைத்துவிட்டோமோ என்று பயந்தவள் போல அவசரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். "இங்க வாங்கப்பா. இங்கேர்ந்து பாத்தா அரண்மனை. ரொம்ப அழகா இருக்கும். நான் இடம் விடறேன்."

வாஜித் எழுந்திருக்கவில்லை. இத்தனை நாள் தன் பிள்ளையை எங்கே படுக்கவைத்து முத்தம் கொடுத்தோம் என்று பார்த்துக்கொண்டே கிடந்தான். கதவில் நிற்கிற ஆபாவுக்கு ஓர் அரண்மனை, ஆட்டோவில் வந்தவர்களுக்கு ஓர் அரண்மனை. தூங்க வேண்டியவளை மட்டும் அவன் ஃபீல்டு அவுட்டில் போட்டிருந்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. சமையலறையிலிருந்து வந்த ஆஃப்ரீன் வளைவுக்குள் எட்டிப் பார்த்து, அவன் பார்த்ததையெல்லாம் தானும் பார்த்தாள். "இப்ப தெரியுதா?" என்று கேட்டாள். இந்த முறை அவள் குரலில் கிண்டல் இல்லை.

அன்று சாயங்காலமே முனியன் வரவழைக்கப்பட்டான். முகப்பைக் கழற்றித் திருப்பச் சொன்னதும் அவன் திருதிருவென்று விழித்தான்.

"இன்னா பாய் இது, பெயின்ட் அட்ச்ச சைடு ஜன்னல பாத்துகினு நிக்கணுமா? வர்ற சனம் இன்னாத்தப் பாக்கும்?"

"கேமராவ மாத்திட்டேன்டா. திருப்பு."

திருப்பினார்கள். மினார், மாடம், நிலா எல்லாம் கட்டிலைப் பார்த்து நின்றன. தெர்மாகோல் புத்தகங்களைப் பெயர்த்துப் போட்டுவிட்டு ஒரு நிஜப் பலகை அடித்தான், அதில் ஜுவேரியாவின் கிழிந்த பாடப் புத்தகங்கள் ஏறின. கதவுப் பக்கத்துக்கு ரீப்பரும் ஆணியும் கொட்டை எழுத்தும் வந்து சேர்ந்தன. முனியன் அதையாவது அழிக்கலாம் என்று பிரஷ்ஷை எடுத்தான். "அதுக்கெல்லாம் பெயின்ட்ட வேஸ்ட் பண்ணாத" என்று வாஜித் தடுத்துவிட்டான். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

அடுத்த வாரம் மத்தியானம் ஜமீலுன்னிசா வந்தாள், இந்தத் தடவை சம்பந்தி வீட்டுக்காரர்களோடு. ஆட்டோவில் வரும்போதே அரண்மனையைப் பற்றிப் பீற்றிக்கொண்டு வந்திருப்பாள் போலிருக்கிறது, நேராகக் கிட்ஸ் ரூமுக்குத்தான் நடந்தாள். நிலையில் வந்து நின்றவள் முகம் சுருங்கிப்போனது. ஆணிகளைப் பார்த்தாள். எழுத்தைப் படித்தாள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னடா வாஜித் இது அலங்கோலம்? வேலை இன்னும் முடியலியா?"

"மெதுவா பேசுங்க ஆபா" என்றான் வாஜித். "வேலை முடிஞ்சிருச்சு. நீங்க ஃபீல்டுல இல்ல."

ஜமீலுன்னிசா வளைவு வாசலைப் பார்த்து, "ஜுவேரியா, புப்பு வந்திருக்கேன் பாரு" என்று அத்தை உரிமையோடு அழைத்தாள். உள்ளே, பிள்ளை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.