கிருஷ்ணவேணி மிதிக்காத முதுகு

கிருஷ்ணவேணி பிறந்தபோது தலைக்கு முன்னால் கால்தான் வெளியே வந்தது. திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் அவளைப் பெற்றெடுக்க அம்மா முனியம்மாள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்வதற்குள் சேதி முன்னால் போய்விட்டது. கால் முதலில் வந்து பிறந்த பிள்ளை மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று மண்டகப்பட்டு பக்கத்தில் இருந்த அந்தச் சிற்றூரில் எல்லோரும் நம்பினார்கள்.

அதனால் நடை பழகியதுமே அவளுக்கு வேலை வந்துவிட்டது. காலையில் பல் துலக்கக்கூட விடாமல் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். முனியம்மாள் பாயை விரிப்பாள். வந்தவர் குப்புறப் படுத்துக்கொள்ள, சிறுமி முதுகில் ஏறி மிதித்துவிட்டு இறங்குவாள். கைநிறைய வறுத்த வேர்க்கடலை, அவர்கள் சொல்லில் மல்லாட்டை, கிடைக்கும். அவள் அதிகம் மிதித்தது பெரியப்பா வெங்கடாசலத்தின் முதுகைத்தான். மூட்டை தூக்கியே பழகிய முதுகு அது.

வளர்ந்ததும் நர்சிங் படித்தாள். இப்போது விழுப்புரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்ஸ். உள்ளூரிலேயே கல்யாணமானது. கணவன் ராஜ்குமார் விக்கிரவாண்டியில் டயர் கடை வைத்திருந்தான். ஊர் மாறாததால் தேடி வருகிறவர்களும் மாறவில்லை. மிதிப்பதை மட்டும் அவள் விட்டுவிட்டாள்.

கணுக்கால் பிசகி வந்தால் உட்காரவைத்துக் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைப்பாள். ஃப்ரிட்ஜில் உறையவைத்திருக்கும் தண்ணீர்ப் பாக்கெட்டைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுப்பாள். பிறகு விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கி கிரேப் பேண்டேஜ் சுற்றி, விரல்கள் நீலம் பாரித்திருக்கின்றனவா, மரத்திருக்கின்றனவா என்று பார்ப்பாள். "எண்ணெ போட்டு உருவாதீங்க. ஜவ்வு கிழிஞ்சிருந்தா உருவ உருவ இன்னும் வீங்கும். காலை ஊன முடியலன்னா எக்ஸ்ரே எடுத்துடுங்க" என்பாள். கேட்டுக்கொள்வார்கள். போகும்போது, "எல்லாஞ் சரி, கால் கட்டைவிரலால ஒரு தடவ தொட்டுடேன்" என்பார்கள். சிரித்துக்கொண்டே முடியாது என்பாள். முனியம்மாளுக்கு அதில் வருத்தம்தான்.

ஒரு சித்திரை மாதம், மல்லாட்டை பிடுங்கும் சமயம். கிருஷ்ணவேணி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பெரியம்மா அம்சா பெரியப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். முந்தின நாள் டிராக்டரில் மூட்டை ஏற்றும்போது இடுப்பில் வெடுக்கென்று பிடித்துக்கொண்டதாம். முனியம்மாள் போய்ப் பாயை எடுத்துவந்து விரித்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மிதிச்சுடும்மா. ராத்திரி பூரா பேஜாரா பூட்சி" என்றார் பெரியப்பா.

வலியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் பாயை நோக்கி நடந்து வந்தபோது இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கிருஷ்ணவேணி கவனித்தாள்.

"பெரியப்பா, செருப்பு கழண்டுடுச்சே, தெரியல?"

திரும்பிப் பார்த்து, "அட, ஆமா" என்றார்.

குப்புறப் படுக்கப் போனவரைத் தடுத்து மல்லாக்கப் படுக்கவைத்தாள். கால் கட்டைவிரல்களை முகத்தை நோக்கித் தூக்கச் சொன்னாள். வலது விரல் எழும்பியது. இடது விரல் அப்படியே கிடந்தது. கண்ணை மூடச் சொல்லி, துடைப்பக் குச்சி ஒன்றை ஒடித்துப் பாதத்தில் தொட்டாள்.

"எங்க தொடுறேன்?"

"தொடும்மா, சொல்றேன்" என்றார். அவள் தொட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்துக் கேட்கவேண்டியதற்கு மற்றப் பெண்கள் எதிரில் அவர் பதில் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவையும் பெரியம்மாவையும் வெளியே போகச் சொன்னாள்.

"பெரியப்பா, நர்ஸா கேக்குறேன், வெக்கப்படாதீங்க. ஒண்ணுக்கு எப்ப போனீங்க?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நேத்து சாயந்தரத்துல இருந்து வரல. தண்ணி சரியா குடிக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"உக்கார்ற எடம் எப்படி இருக்குது?"

"மரத்துக் கெடக்குது."

இது சுளுக்கில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டு பிதுங்கி, காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகிற நரம்புகளை ஒட்டுமொத்தமாக நசுக்குகிறது. இப்படி வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறாள். சீக்கிரம் வந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். நாள் கடத்தி வந்த ஒருவர் மூத்திரப் பையோடு வீட்டுக்குப் போனதையும் பார்த்திருக்கிறாள்.

ராஜ்குமாரைக் கூப்பிட்டு நூத்தெட்டுக்குப் போன் போடச் சொன்னாள். அதைக் கேட்டதும் பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா நேரா அங்கயே போயிருப்பேனே. நான் உன் காலைத் தேடி வந்தேன்."

உள்ளே வந்த அம்சாவும் சேர்ந்துகொண்டாள். "சின்னப் புள்ளையில இவரு முதுகுமேலயே ஏறி வெளையாடுனவ. இப்ப படிச்சிட்டா மிதிக்கக்கூடாதா? மல்லாட்ட பாதி கொல்லையில கெடக்குது, கத்தி போட்டு அறுத்துடுவாங்கடி."

"லேசா ஒரு மிதி மிதிச்சிட்டு அப்புறம் இட்டுக்கினு போயேண்டி" என்றாள் முனியம்மாள்.

கிருஷ்ணவேணி பாயை ஒட்டி மண்டியிட்டு உட்கார்ந்தாள். "பெரியப்பா, ஒளிக்காம சொல்லிடுறேன். நரம்பு நசுங்கிக்கினு இருக்குது. நான் மிதிச்சேன்னா இந்தக் கால் போனது போனதுதான். மிதிக்காம இப்படியே வீட்டுல படுத்திருந்தாலும் அதேதான். ஜல்தியா போனா காப்பாத்தலாம். நான் கூடவே வர்றேன்."

அவர் இடது கட்டைவிரலை இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தார்; அது எழும்பவில்லை. பிறகு அம்சாவிடம், "சட்டைய எடுத்துக்கினு வா" என்றார்.

ஆம்புலன்ஸ் வந்ததும் முதுகு வளையாதபடி எல்லோருமாகச் சேர்ந்து அவரைப் பலகையோடு தூக்கி ஏற்றினார்கள். வழியெல்லாம் கிருஷ்ணவேணி அவர் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஸ்கேனில் அவள் பயந்தது அப்படியே இருந்தது. டாக்டர் அன்று மத்தியானமே ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டார். "நாளைக்கு வந்திருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது" என்று அம்சாவிடம் சொல்லிவிட்டுத்தான் தியேட்டருக்குள் போனார்.

அதுவரை கிருஷ்ணவேணிக்கு எதையும் யோசிக்க நேரமில்லை. நர்ஸுகள் அறையில் போய் உட்கார்ந்த பிறகுதான் காலையில் நடந்ததை நினைத்துப் பார்த்தாள். அந்தச் செருப்பு கழன்று விழாமல் இருந்திருந்தால்? டூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று தான் அவசரப்பட்டுக் கிளம்பியிருந்தால்? கூட வேலை பார்க்கும் சகாய பிரியா டீ வாங்கிவந்து கையில் திணித்தாள். பாதி டீ ஆறிப்போனது.

ஆபரேஷன் முடிந்து கிருஷ்ணவேணி வேலை செய்யும் வார்டுக்கே கொண்டுவந்தது பெரியப்பாவுக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. மூத்திர டியூபையும் பையையும் மகள்முறைப் பெண் பார்ப்பதா என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். கிருஷ்ணவேணி புரிந்துகொண்டு அந்த வேலைகளைச் சகாய பிரியாவிடம் விட்டுவிட்டாள். திருப்பிப் படுக்கவைக்கிற நேரத்தில் மட்டும் தான் வந்தாள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பவேண்டும். "கட்டை மாதிரி இருங்க பெரியப்பா, நீங்களா திரும்பாதீங்க" என்று சொல்லி இரண்டு பேராகச் சேர்ந்து உருட்டுவார்கள். முதுகுப் பக்கம் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பாள். பாதம் தொங்கிப்போகாமல் தலையணை முட்டுக்கொடுத்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டுவாள்.

டியூபை எடுத்த அன்று அவருக்குத் தானாகவே மூத்திரம் போனது. அம்சா அதைப் பக்கத்துக் கட்டில்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்னாள். "சும்மா இருடி" என்று அதட்டினார் பெரியப்பா. ஆனால் கண் கலங்கியிருந்தது.

இடது பாதத்தில் முழுப் பலம் திரும்பவில்லை. பாதம் கீழே தொங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டையை ஷூவுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு நடக்கிறார். மூட்டை தூக்கக்கூடாது என்றதால் மல்லாட்டை போடும் மேட்டு நிலமான கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இரண்டு கறவை மாடு வாங்கினார்.

ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. அவள் முதுகில் கால் வைத்ததுமே உள்ளே என்ன கோளாறு என்று தெரிந்துகொண்டாளாம். "நான் மிதிக்கவே இல்ல" என்று கிருஷ்ணவேணி கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, பக்கத்து ஊரில் போய்ப் பழையபடியே சொன்னார்கள். அப்படிப் பரப்பியதில் முனியம்மாளுக்கும் பங்குண்டு. அதற்காக அம்மாவோடு ஒருமுறை சண்டையே போட்டாள். பிறகு, வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் இப்போது தயங்காமல் போகிறார்கள் என்பதைக் கவனித்தாள்.

அம்சா மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். பால் ஊற்றப் போகும் இடத்தில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "மிதிச்சதும் இல்ல, கிதிச்சதும் இல்ல. நாங்க மூணு பேரும் அவளப் போட்டு நெருக்குனோம், அவ மாட்டேன்னுட்டா" என்கிறாள்.