கேட்டில் பிரித்த நாற்காலி

போன வாரம் சுங்கைப் பட்டாணியில் செடி வாங்கப் போனேன். ஆர்க்கிட்டுக்கு வைக்கிற தேங்காய் நாரைக் கடைக்காரப் பெண் தண்ணீரில் முக்கி எடுத்தாள். அந்த ஈர வாடை வந்ததும் செடியே மறந்துபோயிற்று. முட்டிவலியும் மறந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அது மறக்கவில்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நாளில் நானும் அக்காவும் திகாம் பத்துவில் பழைய சாய்வு நாற்காலிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுத்துப் பிழைத்தோம். நைந்த துணியை உரித்து, உள்ளிருக்கும் நாரை அலசி உலர்த்தி, விரலால் பிய்த்துப் பிய்த்துத் திரும்ப அடைக்க வேண்டும். அக்காவின் தையல் கோடு போட்டதுபோல் ஓடும். என்னுடையது தன் இஷ்டத்துக்குப் போகும். அதனால், யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்துச் சாக்குத் தையல் மட்டும் எனக்கு.

செமிலிங் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் கிராணிக்குக் கடுமையான இழுப்பு. படுத்தால் மூச்சு முட்டும்; நாற்காலியில் சாய்ந்துதான் தூங்குவார். அந்த நாற்காலி மூன்று நாளாக எங்களிடம் இருந்தது. "மனுசன் எப்படித் தூங்குறாரோ" என்று புலம்பியபடியே அக்கா சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துத் தைத்தாள்.

மாட்டுவண்டியில் கொண்டுபோனோம். எஸ்டேட் கேட்டில் முள்வேலி, குறுக்கே கம்பு, சோதனை. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களின் தூக்குச்சட்டியைக்கூட விடமாட்டார்கள். காவலுக்கு நின்ற தமிழ்ப் போலீஸ்காரருக்கு இருபது வயது இருக்கும். நாற்காலியை இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார். பிறகு கவிழ்த்தார்.

"அக்கா, ஆர்டர்லா. பிரிக்கணும்."

கத்தி என் தையலில் ஓடியது. நார் ரோட்டில் கொட்டியது. அரிசி ஒரு மணிகூட இல்லை. "இதென்ன, தையல் இப்படிக் கோணலா இருக்கு?" என்றார் வேறு. நான் அழுதுவிட்டேன்.

அக்கா அழவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்தாள். "பிரிச்சீங்கல்ல தம்பி? இப்ப சாக்க இழுத்துப் புடிங்க. உள்ள ஒருத்தரு மூணு நாளா தூங்காம கெடக்காரு."

அவர் துப்பாக்கியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டுப் பிடித்தார். சோதனைக்கு நின்ற சனங்கள் காற்றில் பறந்த நாரைப் பொறுக்கிவந்து தந்தார்கள். அக்கா வளைந்த ஊசியை எடுத்தாள். ஊரடங்கு தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லை.

நாற்காலியை வீட்டில் இறக்கியதும் கிராணி உட்கார்ந்தார், கைப்பிடியைத் தடவினார், எங்களிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கண் செருகிவிட்டது. காப்பி ஆற்ற வந்த அவர் மனைவி, டம்ளர் சத்தம் கேட்குமே என்று அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் நுனிக்காலில் வெளியேறினோம்.

கேட்டில் அந்தப் போலீஸ்காரர் ஓடிவந்தார். "ஒக்காந்தாராக்கா?"

"தூங்கிட்டாரு தம்பி."

எப்போதும் தடாலென்று போடுகிற குறுக்குக் கம்பை, வண்டி தாண்டியதும் இரண்டு கையாலும் மெல்ல இறக்கினார். கிராணி வீடு அங்கிருந்து அரை மைல் இருக்கும்.

வேலி போயிற்று, எஸ்டேட் போயிற்று. அங்கே இப்போது வரிசை வரிசையாக வீடுகள். கிராணியும் இல்லை, அக்காவும் இல்லை. அந்தத் தம்பியின் பெயரை நாங்கள் கேட்காமலே வந்துவிட்டோம்.