மூலையில் தொட்ட புள்ளி

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் அன்ரனியின் மண்டையை இரும்புக் கம்பியால் உடைத்தார்கள். கடைக் கமராவின் மங்கலான படத்தோடு அவன் அண்ணன் ஜூட் என்னிடம் வந்தான்.

"தங்கச்சி, கம்பி ஆரிண்ட கையில எண்டு மட்டும் காட்டு."

படச் செயலாக்கம் படித்தவள் நான். கம்பி நுனியில் தொடங்கி, அதே சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்கும் படப் புள்ளிகளுக்கு ஒவ்வொன்றாக நகர்ந்து சிவப்புப் பூசும் புரோகிராம் எழுதினேன். சிவப்பு, போன் திருத்தும் செல்வம் அண்ணாவின் கையில் போய் நின்றது. ஜூட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

பின்னேரம் ஜூட்டும் கூட்டாளிகளும் அவரைக் கடையிலிருந்து இழுத்துப்போட்டு, அந்தக் கையை அலவாங்கு என்ற கடப்பாரையால் அடித்து நொறுக்கினார்கள். அவர் கத்தியது எங்கள் மாடிவரை கேட்டது.

அதன்பிறகுதான் சரிபார்த்தேன். ஒன்று, புரோகிராம் நான் சொன்னதைத்தான் செய்திருந்தது. இரண்டு, மூலையால் மட்டும் தொடும் புள்ளிகளையும் ஒட்டியவையாக எடுக்கச் சொன்னது நான். மூன்று, அந்த விதியை நீக்கியதும் சிவப்பு வேறொருவனின் கையில் நின்றது. செல்வம் அண்ணா அடியைத் தடுக்கக் கை நீட்டியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு படங்களையும் அவரிடம் காட்டி, பிழை என்னுடையது என்றேன்.

"ரெண்டாவதை ஜூட்டுக்குக் குடுத்திட்டியா?"

"இன்னும் இல்லை அண்ணா."

"குடுக்காத பிள்ளை. இந்த முறை கையோட விடமாட்டாங்கள்."

இரண்டு படங்களையும் பொலிசில் கொடுத்து, என் பிழையையும் சொன்னேன். பிழையை அறிந்த ஜூட், சரியான படத்தைக் கேட்டு இன்னும் வாசலில் வந்து கத்துகிறான். சரியான படத்தையும் கொடுக்கக்கூடாத கை உண்டென்று, அடிபட்டவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.