தோற்றவருக்குக் கட்டிய மைக்

அறுபதுகளின் பின்பாதியில், பம்பாய் மாநகராட்சித் தேர்தல் முடிந்து ஓட்டு எண்ணிய அன்றைக்கு, தாராவியில் எங்கள் சந்து முக்கில் நடந்தது இது. பட்டப்பகல். நல்ல வெயில்.

நான் அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே வந்து, ஒரு மைக் செட் கடையில் ஒயர் சுற்றப் பழகி, பிறகு எப்படியோ சொந்தமாக ஒரு செட் வாங்கிவிட்டேன். ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு ரிக்கார்டு பிளேயர், இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு மைக், ஒரு கார் பேட்டரி, எல்லாவற்றையும் ஏற்றித் தள்ளிக்கொண்டு போக ஒரு கைவண்டி. கல்யாணம், சடங்கு, அம்மன் கொடை, எதுவானாலும் கட்டுவேன். வீட்டில் நகை என்று இருந்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது. அதனாலேயே எனக்கு எப்போதும் பயம். மேகம் கறுத்தால் பயம், பட்டாசு வெடித்தால் பயம், பக்கத்தில் யாராவது டீ கிளாஸோடு வந்து நின்றால்கூட அது ஆம்ப்ளிஃபையரில் கொட்டிவிடுமோ என்று பயம். "பேசாம அந்தப் பெட்டிக்கு ஒரு தொட்டில் கட்டி ஆட்டும்வே" என்று சந்தில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். செட் போனால் சோறு போகும் என்பது எனக்குத்தானே தெரியும்.

அந்தத் தேர்தலில் எங்கள் சந்துக்காரர் ஒருவர் நின்றார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர். ரேஷன் கார்டு, போலீஸ் கேஸ், ஆஸ்பத்திரி, எதற்குப் போனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கூட வருவார். எல்லோரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவோம். கட்டாயம் ஜெயிப்பார் என்று எங்கள் ஆட்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. மாட்டுங்காவிலிருந்து ஆளுயர மாலைகூட வந்து, ஈரத்துணி சுற்றித் தயாராக இருந்தது. நானும் காலையிலேயே முக்கில் செட்டைக் கட்டி, பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டேன். கரண்டு, பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சி கொடுத்தார்.

மத்தியானம் ஒருவர் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "போச்சு" என்றார். அவ்வளவுதான்.

நான் பாட்டை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்துகிற சத்தம். தோற்றவர் தெரு அப்படித்தான் செய்யும். ஜெயித்தவர் ஊர்வலம் மெயின் ரோட்டில் வரும், குலால் என்கிற சிவப்புப் பொடியை அள்ளி வீசும், பட்டாசைக் கொளுத்திப் போடும். அது கடந்து போகிற வரைக்கும் தோற்றவர் தெரு வாயை மூடிக்கொண்டு உள்ளே இருக்கும். எங்களுக்குப் பயப்படக் காரணமும் இருந்தது. எங்களை மாதிரித் தெற்கேயிருந்து வந்தவர்களின் கடைகளை உள்ளூர்க்காரர்கள் தேடித் தேடி உடைத்த கலாட்டா நடந்து ரொம்ப நாள் ஆகவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சி அப்போதுதான் புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

நான் அவசர அவசரமாகக் கம்பத்தில் ஏறிக் கூம்பை அவிழ்க்கப் போனேன். செம்பூரில் என் மச்சான் வீடு இருந்தது. செட்டை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு ஊர் அடங்கியதும் எடுத்துவரலாம் என்று கணக்கு. பாதிக் கயிறு அவிழ்த்திருப்பேன். கீழே யாரோ கம்பத்தைத் தட்டினார்கள். தலைவர். எண்ணிக்கை நடந்த இடத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எறங்கு. மைக்கப் போடு. பேசணும்" என்றார்.

"தலைவரே... தோத்துட்டமே" என்றேன் நான். அவருக்குத் தெரியாத சேதியைச் சொல்கிற மாதிரி.

"அதத்தான்டே பேசணும்."

ஜெயித்தவர் பேசிக் கேட்டிருக்கிறேன். தோற்றவர் மைக் கட்டிப் பேசி நான் கேட்டதில்லை. என்ன சொல்லித் தட்டிக்கழிப்பது என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். அதற்குள் கை அது பாட்டுக்கு மைக்கை மாட்டிவிட்டது.

மைக் சத்தம் கேட்டதும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வந்தவர்கள் யாரும் ஆறுதல் சொல்ல வரவில்லை. சண்டை போடத்தான் வந்தார்கள். முதல் ஆள், எதிர் வீட்டுக் கருவாட்டுக்கார அக்கா. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே கத்தினாள்.

"தோத்தத சொல்லுததுக்கு மைக்கு வேற கேக்குதோ? எழவு வீட்டுல ரேடியோ போட்ட மாதிரி!"

தலைவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஆரம்பித்தார். "நான் தோத்துட்டேன். யாரும் காரணம் இல்ல. அவருக்கு ஓட்டு கூட, எனக்குக் கொறைவு."

ஷாப்பில் அவரோடு வேலை செய்கிற இளவட்டம் ஒருவன் முன்னால் வந்தான். அவருக்காக ராப்பகலாகச் சுவரில் சுண்ணாம்பு அடித்து எழுதினவன். அழுது கண் சிவந்திருந்தது.

"ஓட்டுப்பெட்டிய மாத்திட்டானுவன்னு சொல்லும் தலைவரே! ஏன் தோத்தேன் தோத்தேன்னு சொல்லுதீரு? ஏமாத்திட்டானுவன்னு ஒரு வார்த்த சொல்லும், மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்!"

அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர் "ஆமா, சொல்லும்" என்றார்கள். அதில் ஒருவன் கையில் கல் இருந்ததை நான் பார்த்தேன். இவர் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். முதல் கல் மெயின் ரோட்டுக்குப் போகும், அடுத்த கல் அங்கிருந்து வரும், நடுவில் நிற்பது என் வண்டி.

தலைவர் மைக்கைக் கையால் மூடவில்லை. எல்லோருக்கும் கேட்கவே சொன்னார். "நான் மேசப் பக்கத்துலயே நின்னு பாத்தேன்டே. மாத்தல. பொய்ய சொல்லி ஒன்னக் கல்லெடுக்க வச்சா, லாக்கப்புல மிதி வாங்கப் போறது நீ. நான் இல்ல. கல்லக் கீழ போடச் சொல்லு."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மானத்த வாங்கிட்டீரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். தலைவர் அவர்களைக் கூப்பிடவில்லை. குரலை மட்டும் ஏற்றினார்.

"தோத்தா தலையில துண்டப் போட்டுக்கிட்டு ஊருக்கு ரயிலேறிருவோம்னு நெனைக்கானுவ. நான் ஏறமாட்டேன். நாளைக்கும் இதே சந்துலதான் இருப்பேன், இதே தண்ணி வரிசையிலதான் குடத்தோட நிப்பேன். ஜெயிச்சவரு எனக்கும் கவுன்சிலருதான். எங்க ஓட்டு அவருக்கு விழல, சரி. எங்க தெருக் குப்ப அவரு பொறுப்பு. எங்க தண்ணி அவரு பொறுப்பு. காலையில மொத ஆளா அவரு வாசல்ல போயி நிக்கப் போறேன். யாரு வாரீய?"

தூரத்தில் கொட்டுச் சத்தம். டோல் என்று பம்பாயில் சொல்வார்களே, அந்தக் கொட்டு. ஊர்வலம் கிளம்பிவிட்டது.

கருவாட்டுக்கார அக்காதான் பேசினாள். "நான் வாரேன்வே. கூடையோட வாரேன். அவரு வாசல்ல எறக்கி வச்சிட்டு ஒக்காந்துக்கிடுதேன். தண்ணி குடுக்கானா, இல்ல நாத்தம் பிடிக்கானா, ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்."

அவ்வளவு நேரம் இறுகிப்போயிருந்த கூட்டம் சிரித்தது. அழுதுகொண்டிருந்த அந்த இளவட்டம்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டான். நானும் சிரித்திருப்பேன். ஆனால் என் காதெல்லாம் கொட்டுச் சத்தத்தில் இருந்தது. அது நெருங்கிக்கொண்டே வந்தது.

மளிகைக்கடை அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். "ஏ தம்பி, நிறுத்திரு. போன கலாட்டாவுல என் சின்னவனுக்கு மண்ட ஒடஞ்சது ஒனக்குத் தெரியும்லா" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் நான் சுவிட்சைத் தொடவில்லை. அவரே உள்ளே போய் ஒயரைப் பிடுங்கி, கடை ஷட்டரை இழுத்து விட்டுவிட்டார்.

மைக் செத்தது. தலைவருக்கு அது தெரியவில்லை, வாய் அசைந்துகொண்டே இருந்தது. மெயின் ரோட்டில் பட்டாசு. கூட்டம் என்னைப் பார்த்தது.

இப்போது யோசித்தால், எனக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது. கரண்டு இல்லை, நான் என்ன செய்ய என்று கையை விரித்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். செட்டை மூட்டை கட்டிக்கொண்டு செம்பூருக்குப் போயிருக்கலாம். ஆனால் வண்டிக்கு அடியில் பேட்டரி இருந்தது. தொழில் செய்கிற எவனும் பேட்டரி இல்லாமல் போக மாட்டான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

குனிந்து பேட்டரியை இழுத்தேன். கை வேர்த்து, கிளிப் இரண்டு தடவை வழுக்கியது. சிவப்பு எது கறுப்பு எது என்று தினமும் மாட்டுகிறவனுக்கே சந்தேகம் வந்தது. மாற்றிக் கொடுத்தால் செட் புகைந்துவிடும். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து மாட்டினேன்.

அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபையர் சுவிட்சைப் போட்டதும் பேசாது. உள்ளே வால்வு சூடேறி, செக்கச்செவேல் என்று ஆக வேண்டும். அதுவரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் ஊர்வலம் முக்குக்கு வந்து சேர்ந்தது. முன்னால் கொட்டுக்காரர்கள், பிறகு ஆட்டம் போடுகிற கூட்டம், அதற்குப் பின்னால் ஜீப்பில் ஜெயித்தவர், காது மறைகிற அளவுக்கு மாலை. எங்கள் தெரு சாத்திக் கிடக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள், கதவெல்லாம் திறந்து ஆட்கள் வெளியே நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டார்கள். ஒருவன் தன் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைக் கேலி செய்து எங்களை மாதிரி நடந்து காட்டினான். இன்னொருவன் குலால் பொடியை அள்ளி வீசினான். தலைவரின் வெள்ளைச் சட்டை சிவந்துபோனது.

கூம்பு "கொர்ர்" என்றது. வால்வு சூடேறிவிட்டது.

தலைவர் ஜீப்பைப் பார்த்து இந்தியில் பேசினார். தப்பும் தவறுமான இந்தி, எனக்கே தெரிந்தது.

"ஆப் ஜீத் கயா. ஹம் ஹார் கயா. முபாரக்." நீர் ஜெயித்தீர், நான் தோற்றேன், வாழ்த்துகள். ஊர்வலத்தில் சிரிப்பு. அவர் மூச்சு விட்டுவிட்டு, இன்னும் சத்தமாகச் சொன்னார்: "அப் பானி தோ!" இனி தண்ணி கொடு.

சிரிப்பு பாதியில் நின்றது. எங்கள் பக்கத்திலிருந்து கருவாட்டுக்கார அக்கா கூடையைத் தட்டிக்கொண்டு "பானி தோ!" என்றாள். பிறகு அந்த இளவட்டம். பிறகு எல்லோரும். மானம் போய்விட்டது என்று வீட்டுக்குப் போன பெரியவர் எப்போது திரும்பி வந்தாரோ, அவரும் துண்டைச் சுழற்றிக்கொண்டு கத்துகிறார். அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. கொட்டுக்காரர்களும் எங்களை மாதிரி ஏதோ ஒரு சந்தில் ஒற்றைக் குழாய்க்கு வரிசையில் நிற்கிறவர்கள்தானே. அதில் ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டே "பானி தோ"வுக்குத் தகுந்த மாதிரி அடியை மாற்றிவிட்டார். கூலி அவர்களுடையது, கொட்டு எங்களுக்கு!

ஜீப்பில் இருந்தவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பாதிக் கும்பிடு போட்டார். டிரைவர் தோளைத் தட்டினார். ஜீப் நகர்ந்தது. பின்னால் போனவர்களில் ஒருவன் மட்டும் ஆத்திரம் தாங்காமல் கம்பை வீசி ஒரு கூம்பின் வாயை நசுக்கிவிட்டுப் போனான். யாரும் அவனைத் துரத்தவில்லை. நான் போய்த் தடவிப் பார்த்தேன். கூம்புதான் நசுங்கியிருந்தது, உள்ளே நன்றாக இருந்தது. கடை ஷட்டரைப் பாதி தூக்கி, அண்ணாச்சி ஒரு சோடாவை நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலையில் ஜெயித்தவர் வாசலில் எங்கள் ஆட்கள் போய் நின்றார்கள். கருவாட்டுக் கூடையும் போனது. அன்றைக்கே தண்ணி வந்துவிடவில்லை. எத்தனையோ காலைகள் அப்படிப் போய் நின்ற பிறகுதான் சந்துக்கு இன்னொரு குழாய் வந்தது. தலைவர் மறுபடியும் நின்றார், மறுபடியும் தோற்றார், அதற்கும் நான்தான் மைக் கட்டினேன். அந்தத் தடவை கதவைச் சாத்துகிற சத்தம் எங்கள் சந்தில் ஒரு வீட்டிலும் கேட்கவில்லை.

என் பயம் எங்கேயும் போய்விடவில்லை, இந்த வயதிலும் சின்னச் சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, கை செய்ய வேண்டியதைச் செய்யும் என்பதை அந்த மத்தியானத்தில்தான் கண்டுகொண்டேன், அதற்குப் பிறகு என்னை எவனும் வாயை மூடிக்கொண்டு உள்ளே உட்கார வைக்க முடிந்ததில்லை.