முன் சீட்டில் இருந்தவர்

பாளையங்கோட்டையிலிருந்து பணகுடிக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய வேன் அது. ஆடி மாதம். நாங்குநேரி தாண்டியதும் மேற்குக் காற்று வலப்பக்கமாக மோதத் தொடங்கியது. உயரமான வண்டி, ஒவ்வொரு மோதலுக்கும் சாய்ந்தது. பக்கக் கதவு ஓட்டத்தில் திறந்துவிடாமல் வெளியிலிருந்து கயிற்றால் கட்டியிருந்தார்கள். வண்டி கவிழ்ந்தால் எங்களால் வெளியே வர முடியாது.

டிரைவர் பக்கத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் இருந்தார். காற்று அடிக்கும்போதெல்லாம், மடியில் கிடந்த அவர் கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்ததுபோல வலப்பக்கம் திரும்பின.

வலப்பக்கம் ஒரு லாரி எங்களை முந்த வந்தது.

"ஏலே, ஸ்டியரிங்கைப் பைய நேராக்கு. லாரி காத்தை மறைக்கும். இப்படியே வலிச்சுப் பிடிச்சேன்னா வண்டி அதுக்குள்ள போயிரும்" என்றார்.

டிரைவர் இளைஞன், உடனே கேட்டுக்கொண்டான். அப்படியும் வேன் லாரியின் சக்கரங்களை நோக்கி ஒரு முழம் ஒதுங்கிப் பிறகுதான் நேரானது.

"நீங்க டிரைவரா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இருந்தேன் வே. இதே ரோட்டுல என் வேன் லாரிக்குள்ள போன அன்னைக்கு, எனக்கு இதைச் சொல்ல பக்கத்துல ஆள் இல்ல."



வள்ளியூரில் இறங்கினார். "உங்க ஊரு இதுவா?" என்றேன்.

"ஊரு பாளையங்கோட்டைதான். ஆடி முடியுத வரைக்கும் இப்படித்தான் போயிட்டு வருவேன்."

சாலையைக் கடந்து, பாளையங்கோட்டைக்குப் புறப்பட நின்ற இன்னொரு பழைய வேனில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இன்னும் எத்தனை ஆடிக்கு அந்தச் சாலை அவரை விடாமல் பிடித்து வைத்திருக்குமோ என்றுதான் நினைத்துக்கொண்டேன்.